கண்ணில் விழுந்தது தூசு அல்ல

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த வேலைப் பாதுகாப்புக் கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான நமது தோழர் ஆற்றிய உரை.)



இந்த மேடையில் நாங்கள் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், கொழுந்து நிறையைப் பற்றிப் பேசுவோம், காணியையும் வீட்டையும் பற்றிப் பேசுவோம். இன்றைக்குக் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். கண் முழுவதையும் பற்றிக்கூட அல்ல. கண்ணின் நடுவில் இருக்கிற சின்னக் கறுப்பு வட்டத்தைப் பற்றி. பாடப் புத்தகத்தில் அதற்குக் கண்மணி என்று பெயர். பிள்ளையைக் கொஞ்சும்போது நாம் சொல்கிறோமே, அதே கண்மணிதான்.

எட்டாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்போம். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். இருட்டில் கண்மணி விரியும், வெளிச்சம் பட்டால் சுருங்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. வீட்டிலும் போய்ப் பார்த்து வந்து எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் ஒரு பெண்பிள்ளை கொப்பியோடு வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கப்பாவுக்கு ஒரு கண்ணுதான் சுருங்குது. எடது கண்ணு சுருங்கவே மாட்டேங்குது. நான் மூணு தடவ டோர்ச் அடிச்சுப் பார்த்தேன்."

பிள்ளை சரியாகப் பார்க்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தோம். அன்று பின்னேரம் லயத்துக்குப் போனோம். அந்த அண்ணன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். பெக்டரி வேர்க்ஷொப்பில் பிட்டருக்கு உதவியாளாக வேலை செய்கிறவர். வயது நாற்பது ஆகவில்லை. அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சொல்ல மாட்டோம். கிட்டப் போய்ப் பார்த்தால் பிள்ளை எழுதியது சரி. வலது கண்ணின் கறுப்பு மிளகு அளவு. இடது கண்ணின் கறுப்பு அதைப் போல இரண்டு மடங்கு. போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் இருந்து காட்டினோம். வலது சுருங்கியது. இடது அப்படியே விரிந்து நின்றது.

"அண்ணே, இந்தக் கண்ணுல எப்பவாவது அடி கிடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் ஒண்ணும் படலியே. கொஞ்ச நாளா ராத்திரியில சரியா தெரியல. வெளிச்சத்தப் பார்த்தா கூசுது. வயசாகுதுல்ல."

அவருடைய மனைவி கண்ணூறு கழித்துப் பார்த்திருக்கிறார். கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார். கடையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். எதுவும் உதவவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தோம். பழைய படத்தில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரித்தான் இருந்தன. அப்படியென்றால் இது பிறவியில் வந்தது அல்ல.

மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் சுத்தியல் வேலை செய்கிறவரா?" என்பதுதான். அப்போதுதான் அந்த அண்ணனுக்கு நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரோலர் மெசினின் தண்டில் இறுகிப்போன பெயாரிங்கைக் கழற்ற, உளியை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார். கண்ணில் ஏதோ சுருக்கென்று பட்டிருக்கிறது. தண்ணீர் வடிந்திருக்கிறது. டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். கண்ணைக் கழுவி, மருந்து விட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சிவந்திருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பார்வையும் நன்றாகவே இருந்தது. அவரும் மறந்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அரிசிக் குருணையை விடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டு வருடமாக ஓர் இரும்புத் துண்டு அந்த மனிதரின் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

தோழர்களே, ஓர் இரும்புத் துண்டு கண்ணுக்குள் போய் இருந்தும் ஒருவருக்கு அது தெரியாமல் போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் டொக்டரிடம் அதைத்தான் கேட்டோம். அவர் விளக்கியதை எங்களுக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறோம்.

இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கிற துண்டு மிகச் சின்னது, கூரானது, கண் மூடுவதற்குள் வந்து சேர்ந்துவிடும். கண்ணின் முன்படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தத் துளை ஊசித் துளை மாதிரி. தானாகவே மூடிக்கொள்ளும். இரத்தம் வராமலும் இருக்கலாம், பெரிய வலி இல்லாமலும் இருக்கலாம். கண்ணின் உட்பக்கத்தில் இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது. துண்டு ஓரமாகப் போய்த் தங்கினால் பார்வையும் அன்றைக்குக் குறையாது. ஆகவே வலி இல்லை என்பதும் பார்வை நன்றாக இருக்கிறது என்பதும் கண்ணுக்குள் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

கவ்வாத்துக் கத்தியை மழையில் மலையிலேயே மறந்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? துரு ஏறும். கண்ணுக்குள்ளும் ஈரம்தான். அங்கே கிடக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த இரும்பு கண் முழுவதும் பரவி, மெல்லிய தசைகளிலும் நரம்புகளிலும் போய்ப் படிகிறது. கண்மணியைச் சுருக்குவது அதைச் சுற்றியிருக்கும் வளையத் தசை. அந்தத் தசையில் இரும்பு ஏறினால் அது வேலை செய்யாது. கண்மணி விரிந்தபடியே நின்றுவிடும். கண்வில்லையில் ஏறினால் வெண்புரை வரும், அதில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். விழித்திரையில் ஏறினால் முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரப் பார்வை போகும், கடைசியில் எல்லாமே போகும். கண் அழுத்தமும் ஏறலாம். இதெல்லாம் சில வாரத்திலும் ஆரம்பிக்கலாம், சில வருடம் கழித்தும் ஆரம்பிக்கலாம். அதனால்தான் விபத்தையும் நோயையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

கண்ணில் துரு ஏறும் இந்த நோய்க்குச் சிடரோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் இரும்பு என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். 1890 இலேயே வைத்தியர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1892 இல் சூரிச் நகரத்தில் ஹாப் என்ற கண் வைத்தியர், கண்ணுக்குள் கிடக்கும் இரும்பை இழுத்தெடுக்கப் பெரிய மின்காந்தம் ஒன்றைப் பாவித்தார். 1895 இல் ரொன்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதாவது நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே நோயும் தெரியும், பார்க்கவும் தெரியும், எடுக்கவும் தெரியும். அப்படியிருந்தும் நமது மனிதர் ஒருவர் இரண்டு வருடம் இரும்பைக் கண்ணில் சுமந்திருக்கிறார். குறை விஞ்ஞானத்தில் இல்லை. அன்றைக்கே ஓர் எக்ஸ்ரே எடுக்க யாரும் அனுப்பவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

கொழும்புக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்து துண்டை எடுத்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் விழித்திரை ஏற்கனவே கெட்டுவிட்டது. இப்போது அந்தக் கண்ணால் கிட்டப் பிடித்தால் விரல்களை எண்ணுவார், அவ்வளவுதான்.

"கண்தானம் செய்கிறார்களே, கண்ணை மாற்ற முடியாதா?" என்று அவருடைய மனைவி கேட்டார். உங்களில் பலருக்கும் அந்தக் கேள்வி இருக்கும். நமது நாட்டில் 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த கண்தானச் சங்கம் உலகத்துக்கே கண் அனுப்புகிறது, உண்மை. ஆனால் மாற்றி வைப்பது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும்தான். பின்னால் இருக்கும் விழித்திரையை மாற்ற எந்த நாட்டிலும் வழியில்லை. அது போனால் போனதுதான்.

இனி, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். மாதர் தலைவிகள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் முகத்தைக் கவனித்துப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான்.

ஒன்று, ஒரு கண்மணி மற்றதை விடப் பெரிதாக இருப்பது, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பது. இதுதான் அந்தப் பிள்ளை கண்டது.

இரண்டு, கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டு, வடிகிற நீர்த்துளி மாதிரி கூராக இருப்பது. துண்டு துளைத்த இடத்தை நோக்கி அது இழுபட்டிருக்கும். அடிபட்ட அன்றைக்கே இப்படி இருந்தால் கண்ணில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்று, கண்மணிக்குப் பக்கத்தில், நிறமுள்ள வளையத்தில், இன்னொரு சின்னக் கறுப்புப் புள்ளி புதிதாகத் தெரிவது. துண்டு நுழைந்த ஓட்டையாக இருக்கலாம்.

நான்கு, கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிவது. அது வெண்புரை. இளம் வயதில் ஒரு கண்ணில் மட்டும் வெண்புரை வந்தால், எப்போதாவது அடிபட்டதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

ஐந்து, அந்தக் கண்ணின் வளையம் துரு நிறத்துக்கு மாறுவது. நீலக் கண்ணுள்ள வெள்ளைக்காரர்களுக்கு இது உடனே தெரியும். நமது கண்ணே கரும்பழுப்பு, அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே நாம் நிறத்தை நம்பியிருக்கக் கூடாது. கறுப்பின் அளவையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பயப்படவும் வேண்டாம். ஐந்து பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே இரண்டு கண்மணிக்கும் சிறிய வித்தியாசம் இருக்கும். அது நோயல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டுமே வெளிச்சத்துக்கு நன்றாகச் சுருங்கும். சந்தேகம் இருந்தால் நாங்கள் செய்தது போலப் பழைய அடையாள அட்டையையோ கலியாணப் படத்தையோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் திடீரென்று ஒரு கண்மணி விரிந்து, கடுமையான தலையிடியோ, இமை தொங்குவதோ, வாந்தியோ சேர்ந்து வந்தால் அது மூளை சம்பந்தப்பட்ட ஆபத்தாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

யாருக்கு இந்த ஆபத்து? வேர்க்ஷொப்பில் வேலை செய்கிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்லுடைக்கிறவர், உளி பிடிக்கிறவர், அலவாங்கின் தலையில் சுத்தியலால் அடிக்கிறவர், கவ்வாத்துக் கத்தியை மெசின் கல்லில் தீட்டுகிறவர், தகடு வைத்த மெசினால் புல் வெட்டுகிறவர், எல்லோருக்கும்தான். அடிக்கிறவரை விடப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கிறவருக்கும் ஆபத்து. வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கும் ஆபத்து. மலையில் மண் ஒட்டிய இரும்பு தெறித்தால் இன்னும் மோசம். மண்ணில் உள்ள கிருமி கண்ணுக்குள் போனால் ஓரிரு நாளிலேயே கண்ணை அழித்துவிடும். அதற்குத் துரு ஏறும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வேர்க்ஷொப்பில் இருக்கிற உளிகளை நாளைக்கே எடுத்துப் பாருங்கள். அடி வாங்கி வாங்கித் தலை விரிந்து, விளிம்பு சுருண்டு, காளான் குடை மாதிரி ஆகியிருக்கும். அந்தச் சுருண்ட விளிம்புதான் உடைந்து தெறிக்கிறது. அதைத் தீட்டிச் சமப்படுத்தாமல் பாவிக்கக் கூடாது. இதற்குப் பெரிய செலவில்லை. ஐந்து நிமிட வேலை.

சரி, அடிபட்டுவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

கண்ணைக் கசக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. வெறும் தூசு விழுந்தால் தண்ணீரால் கழுவலாம். இரும்போ கல்லோ வேகமாகத் தெறித்துப் பட்டிருந்தால் கழுவக் கூடாது. நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது எதுவுமே கூடாது. நமது அம்மாமார் அன்பினால் செய்வதுதான், ஆனால் ஓட்டை விழுந்த கண்ணுக்குள் அது கிருமியைக் கொண்டுபோகும். வெளியே ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கக் கூடாது. ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கோப்பையைக் கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்து, ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டி, அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம், ஆகவே வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். ஏற்புத்தடை ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். "கண்ணு நோகுது" என்று மட்டும் சொன்னால் சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இரும்பில் சுத்தியலால் அடிக்கும்போது துண்டு தெறித்துக் கண்ணில் பட்டது. உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லாவிட்டால் சிங்களத்தில் ஒரு வரி போதும்: "எஹெட்ட யகட கேல்லக் வெதுணா." கண்ணில் இரும்புத் துண்டு பட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை இங்கே இருக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மிகச் சின்னத் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அப்போது சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேறு. அது பெரிய காந்தம். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் அது அசைந்து கண்ணைக் கிழித்துவிடலாம். எப்போதாவது கண்ணில் இரும்பு பட்டவர்கள், வேறு எந்த வருத்தத்துக்காக அந்த ஸ்கேனுக்குப் போனாலும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் ஓட்டை விழுந்தால், அரிதாகச் சிலருக்கு, வாரங்களோ மாதங்களோ கழித்து அடிபடாத மற்றக் கண்ணிலும் வீக்கம் வந்து பார்வை போவதுண்டு. ஆகவே "ஒரு கண்ணுதானே, மற்றது இருக்குதானே" என்று கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இதெல்லாம் தெரிந்தாலும் நமது மக்கள் ஏன் போவதில்லை? எங்களுக்குத் தெரியும். பஸ் பிடித்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பாதி நாள் வேலை செய்துவிட்டுப் போனால் அரைப்பேர். ஆளுக்கு ஒரு பேர் குறைந்தால் கடைக்கடன் ஏறும். ஆகவே வலிக்காத கண்ணுக்காக யாரும் ஒரு பேரை இழக்க மாட்டார்கள். அந்த அண்ணனும் இழக்கவில்லை. மறுநாளே வேலைக்குப் போனார். ஒரு பேருக்காக ஒரு கண் போனது. இதைச் சொல்லும்போது அவரைக் குறை சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள். வேலையில் அடிபட்டவருக்கு வைத்தியசாலைக்குப் போகிற நாளையும் பேராகப் போட வேண்டும் என்று இத்தனை நாளும் உரக்கக் கேட்காத எங்களையும் சேர்த்துத்தான் குறை சொல்கிறோம்.

இப்போது நட்டஈட்டுக் கதைக்கு வருகிறோம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின் காரணமாக, வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்தால் உழைக்கும் சக்தி குறைந்தால் நட்டஈடு கேட்கலாம். அந்த அண்ணனுக்காகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். "எங்கள் வேலையில்தான் நடந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? வீட்டில் ஆணி அடிக்கும்போது நடந்திருக்கலாம்தானே" என்றார்கள். விபத்துப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. டிஸ்பென்சரிக் கொப்பியைப் பார்க்கக் கேட்டோம். அந்தத் தேதிக்கு நேரே ஒரே ஒரு வரி இருந்தது. "கண்ணில் தூசு. கழுவி மருந்து விடப்பட்டது."

தூசு. இரும்பு என்று எழுதியிருந்தால் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும். கெட்ட எண்ணத்தில் எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவசரத்தில் எழுதியிருக்கலாம். நமது அண்ணனே "என்னமோ விழுந்திருச்சு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல் அவருடைய கண்ணையும் எடுத்தது, நட்டஈட்டுக்கும் குறுக்கே வந்து நிற்கிறது.

இருந்தாலும் அந்த வரியை நாங்கள் விடவில்லை. தூசு என்று எழுதினாலும் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் அவர் வேர்க்ஷொப்பில் வேலை செய்ததாகச் செக்ரோல் சொல்கிறது. பக்கத்தில் பெயாரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறான். பயப்படாமல் கொடுத்தான், அவனுக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி. கண்ணில் இருந்து எடுத்தது இரும்புத் துண்டு என்று வைத்தியசாலை அறிக்கை சொல்கிறது. இந்த நான்கையும் சேர்த்து நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வெற்றி என்று சொல்லிக் கைதட்டு வாங்க நாங்கள் வரவில்லை. வந்த பிறகு சொல்கிறோம்.

ஆனால் இதில் இருந்து ஒரு பாடம் படித்தோம். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம். கண்ணில் எது பட்டாலும் அன்றைக்கே எழுத்தில் வர வேண்டும். எழுதும்போது தூசு என்று எழுத விடாதீர்கள். என்ன வேலை, எந்த ஆயுதம், எந்தக் கண், எத்தனை மணி, பக்கத்தில் யார் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். புத்தகத்தில் எழுத மறுத்தால் கமிட்டித் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் காரியாலயத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் பாடசாலைக்கு வாருங்கள். எங்கள் ஆசிரியர்கள் எழுதித் தருவார்கள். அதற்கு எங்களுக்கு நேரம் இல்லாமல் போகாது.

நிர்வாகங்களிடம் சங்கம் கேட்கப் போகிறவற்றையும் சொல்கிறோம். உளி, சுத்தியல், தீட்டுக்கல், புல் வெட்டும் மெசின் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கண் பாதுகாப்பைப் பற்றியும் பேசுகிறது, தேயிலைப் பெக்டரியும் தொழிற்சாலைதான். மலையில் வேலை செய்கிறவரின் கண்ணும் அதே கண்தான், அவருக்கும் வேண்டும். இரும்பு தெறித்த கண்ணை டிஸ்பென்சரியில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே வாகனம் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அந்த நாளை முழுப்பேராகப் போட வேண்டும்.

நமது பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. கண்ணாடி கொடுத்தால் போட வேண்டும். வியர்க்கிறது, புகைகிறது, கேலி செய்கிறார்கள் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்பிள்ளை ஒருநாள் எங்களிடம் வந்து, "டீச்சர், இந்தப் பாடம் போன தரத்துலயே வந்திருந்தா எங்கப்பா கண்ணு நல்லாயிருந்திருக்குமா?" என்று கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லாயிருந்திருக்கலாம் என்பதுதான் உண்மை. ஆகவே இந்தப் பாடத்தைத் தரம் பார்த்து வைத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இன்றைக்கு உங்களிடம் கொடுத்துவிட்டோம்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் காம்பராவில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, டோர்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் இருந்து ஒவ்வொரு கண்ணாகக் காட்டிப் பாருங்கள். கணவருடைய கண்ணை, அண்ணன் தம்பியுடைய கண்ணை, பிள்ளைகளுடைய கண்ணை. இரண்டும் ஒரே மாதிரிச் சுருங்கினால் சந்தோஷமாகத் தூங்குங்கள். ஒன்று சுருங்காமல் நின்றால், விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியே எங்களுக்கும் ஒரு சொல் அனுப்புங்கள். கூட வர நாங்கள் இருக்கிறோம்.